மேரி தேய்த்த கண்ணாடி

காக்களூர் தொழிற்பேட்டையில் மேரியைத் தெரியாத பட்டறை இல்லை. குழாய்த் தலை, கதவுக் கைப்பிடி, குக்கர் மூடி எது வந்தாலும் சுழலும் பஃபிங் சக்கரத்தில் அழுத்திப் பிடித்து, முகம் தெரிகிற பளபளப்புக்குக் கொண்டுவந்துவிடுவாள். சாயங்காலம் வீடு திரும்பும்போது புருவம், மூக்கு, நகக்கண் எல்லாம் கறுத்திருக்கும். குளித்தபிறகும் தலையணை உறையில் கறுப்பு ஒட்டும். கல்யாணமான வருடத்திலிருந்து அந்த வேலைதான். மகள் ஜெபா நர்சிங் படிப்பில் சேர்ந்த வருடம் முதலாளிக்கு உடம்புக்கு முடியாமல் போய் பட்டறையை மூடிவிட்டார்கள். மேரிக்கு அப்போது நாற்பத்திரண்டு வயது. வேறு பட்டறைகளில் கேட்டுப் பார்த்தாள். எல்லா இடத்திலும் மிஷின் வந்திருந்தது.

பக்கத்து வீட்டு அஞ்சம்மாள் பூண்டி ஏரிக்குப் போகிற சாலையில், சின்னக் குன்றின் அடியில் இருக்கும் மடத்தில் சமையல் செய்கிறவள். அவள்தான் கூப்பிட்டாள்.

"மடத்துல காய் நறுக்க ஒரு ஆளு வேணுமாம். வர்றியா?"

"நான் சர்ச்சுக்குப் போறவ அக்கா. சேத்துப்பாங்களா?"

"அவங்க அதெல்லாம் கேக்க மாட்டாங்க. வெங்காயம் பூண்டு இல்லாம ருசியா ஆக்குவியான்னு மட்டுந்தான் கேப்பாங்க."

மேரியின் கணவன் எட்வர்ட், அத்திப்பட்டு அனல் மின் நிலையத்துச் சாம்பல் குளத்திலிருந்து செங்கல் சூளைகளுக்குச் சாம்பல் ஏற்றிவரும் லாரி ஓட்டுகிறவன். அவனிடம் கேட்டாள். "சோறாக்கறதுல இன்னா கீது? போ. ஞாயித்துக்கிழமை மட்டும் லீவு கேட்டுக்கோ" என்றான்.

குன்றடி மடம் பெரிய இடம் அல்ல. ஓடு வேய்ந்த ஒரு கூடம், ஒரு சிவன் சந்நிதி, மாட்டுக் கொட்டகை, தென்னந்தோப்பு, ஏழெட்டுத் துறவிகள். விடிவதற்கு முன் பூஜை, பிறகு படிப்பு, பதினொன்றுக்குச் சாப்பாடு. சாப்பாட்டுக்குப் பிறகு ஒவ்வொருவரும் ஏதாவது கைவேலை செய்யவேண்டும் என்பது மடத்துத் தலைவரான பெரிய சாமியின் ஏற்பாடு. ஒருவர் களிமண்ணில் நந்தி செய்தார். ஒருவர் ஏரிக்கு வரும் பறவைகளை வண்ணத்தில் வரைந்தார். ஒருவர் அறைக்கதவைச் சாத்திக்கொண்டு, கண் தெரியாத பிள்ளைகளுக்காகப் பாடப் புத்தகங்களை வாசித்துப் பதிவு செய்தார். அந்த நேரத்தில் அவருடைய ஜன்னலுக்குக் கீழே யாரும் பாத்திரம் கழுவக்கூடாது. வந்த முதல் வாரமே மேரி இதற்காக ஒருமுறை சைகையால் கண்டிக்கப்பட்டாள்.

இன்னொருவர் தாண்டவ அடிகள். மடத்துக்கு வருமுன் கும்மிடிப்பூண்டியில் கார் உதிரிபாகம் செய்யும் கம்பெனியில் இன்ஜினியராக இருந்தவர். மேரியைவிட வயதில் சிறியவர். தோப்பின் ஓரத்துக் கொட்டகையில் அவர் செய்துகொண்டிருந்தது என்னவென்று அஞ்சம்மாளுக்கே சரியாகச் சொல்லத் தெரியவில்லை. "ஒரு டிரம்ம சுத்திக்கினே இருப்பாரு. நீயே போய்ப் பாரு" என்று மோர்ச் செம்பைக் கொடுத்து அனுப்பினாள்.

மேரி போய்ப் பார்த்தாள். மணல் நிரப்பிய தகர டிரம். அதன் மேல் தோசைக்கல் அளவில் கனமான கண்ணாடி வட்டு ஒன்றை மரக்கட்டைகளால் இறுக்கி வைத்திருந்தார். அதே அளவில் இன்னொரு வட்டு அதன் மேல். நடுவில் தண்ணீரும் கருநிறப் பொடியும். தாண்டவ அடிகள் மேல் வட்டை இரண்டு கையாலும் தள்ளினார், இழுத்தார், கொஞ்சம் திருப்பினார், டிரம்மைச் சுற்றி ஒரு அடி நகர்ந்தார். ஒவ்வொரு தள்ளலுக்கும் உதடு 'நமசிவாய' என்று அசைந்தது.

பொடி மேரிக்குத் தெரிந்த பொடிதான். பட்டறையில் எமரி என்பார்கள். ஆனால் எதற்காக இப்படி?

"இன்னா சாமி செய்யறீங்க?"

"தொலைநோக்கி செய்றோம் மேரிம்மா. அதுக்குள்ள இருக்கிற கண்ணாடி இது. தினமும் சாயங்காலம் பிறை சூடினவன்னு பாடறோம். அந்தப் பிறையை நாங்க யாரும் ஒழுங்காப் பாத்ததில்ல. ஒரு தொலைநோக்கி வாங்கலாமான்னு பெரிய சாமிகிட்ட கேட்டேன். வாங்க வேண்டாம், செய்யுங்கன்னுட்டார்."

மோர்ச் செம்பை வைத்துவிட்டு மேரி அங்கேயே நின்றாள். அந்தச் சத்தம் அவளுக்குப் பிடித்திருந்தது. பஃபிங் சக்கரம் காதைக் கிழிக்கும். இது கடற்கரையில் காலடியில் மணல் நகர்கிற சத்தம்.

துறவிகள் முறை வைத்துச் சுற்றினார்கள். சித்திரை வெயிலில் ஒரு சாமிக்கு அம்மை போட்டுவிட்டது. அவர் முறை காலியாக இருந்தது. மறுநாள் மோர் கொண்டுபோனபோது தாண்டவ அடிகள் சாதாரணமாகக் கேட்டார்.

"மதியம் உங்களுக்கு வேலை கம்மிதானே? சுத்தறீங்களா?"

மேரி கையைப் புடவையில் துடைத்துக்கொண்டாள். "சுத்தலாம் சாமி. ஆனா நீங்க சொல்றத நான் எப்பிடி சொல்றது? நான் இயேசுவக் கும்புடறவ."

"உங்களுக்கு எது வருமோ அதைச் சொல்லுங்க. கண்ணாடிக்கு வேகம் ஒரே சீரா இருந்தா போதும்."

அன்றைக்கு மேரி டிரம்மைச் சுற்றத் தொடங்கினாள். தள்ளும்போது ஸ்தோத்திரம், இழுக்கும்போது ஸ்தோத்திரம். முதலில் வெட்கமாக இருந்தது. யாரோ கேட்டுச் சிரிப்பார்கள் என்று நினைத்தாள். கொட்டகை வாசலில் பறவை வரையும் சாமி ஒரு கொக்கின் காலைத் தீட்டிக்கொண்டிருந்தார். அவர் தலையைக்கூடத் தூக்கவில்லை.

அழுத்துவதுதான் அவள் வாழ்நாள் பழக்கம். சக்கரத்தில் எவ்வளவு அழுத்துகிறோமோ அவ்வளவு மின்னும். இங்கே அழுத்தினால் வட்டின் விளிம்பு கெட்டுவிடும் என்றார் தாண்டவ அடிகள். "அதோட எடையே போதும். நீங்க கூட நடந்தா மட்டும் போதும்." கையை இலேசாக வைக்கக் கற்றுக்கொள்ள மேரிக்கு வெகுநாள் ஆனது. தோள் தானாக இறங்கி அழுத்தும். ஸ்தோத்திரத்தை மெதுவாகச் சொன்னால் தோளும் மெதுவாகும் என்பதை அவளாகவே கண்டுகொண்டாள்.

ஒருநாள் பொடியைக் கழுவித் துடைத்து, தாண்டவ அடிகள் மேல் வட்டை மல்லாத்தி வைத்து அதில் தண்ணீர் ஊற்றினார். தண்ணீர் வழியவில்லை. நடுவில் தேங்கி நின்றது.

மேரி குனிந்து பார்த்தாள். "தட்டையாத்தானே இருந்திச்சி சாமி. யாரு குழிச்சது?"

"யாரும் குழிக்கல. ரெண்டு தட்டையான கண்ணாடியை இப்படிச் சுத்திச் சுத்தித் தேச்சா மேல இருக்கிறது குழியும், கீழ இருக்கிறது மேடாகும். எப்படித் திருப்பினாலும் ரெண்டும் முழுசா ஒட்டணும்னா அதுக்கு ஒரே ஒரு வடிவந்தான் உண்டு. பெரிய உருண்டை ஒண்ணோட ஒரு துண்டு. நாம தேச்சுக்கிட்டே இருந்தா போதும், அது தானா அங்க வந்து சேரும்."

மேரி அந்தத் தண்ணீரையே பார்த்தாள். முறைக்கு ஒருவராக, சாமிமார்களும் அவளும் தங்கள் தங்கள் கையால், தங்கள் தங்கள் வாயில் வந்ததைச் சொல்லிக்கொண்டு தள்ளியதுதான். ஒருவர் கை மாதிரி இன்னொருவர் கை இல்லை. ஆனாலும் உள்ளே ஒரு வட்டம் தானாகவே வந்து உட்கார்ந்திருந்தது. அன்றைக்கு வீட்டுக்குப் போய் எட்வர்டிடம் இதைச் சொன்னாள். அவன் சோற்றைப் பிசைந்துகொண்டே, "கண்ணாடி குழிஞ்சா அதுல இன்னா?" என்றான். மேரி அவன் தட்டில் குழம்பை ஊற்றினாள்.

பொடி மாற்றிக்கொண்டே போனார்கள். ஒவ்வொன்றும் முந்தையதைவிட மெல்லியது. கடைசிப் பொடி கோலமாவைவிட நைசாக இருந்தது. பொடி மாறும் ஒவ்வொரு முறையும் கொட்டகையையே கழுவினார்கள். டிரம், தரை, வாளி, கை, துணி எல்லாம். பழைய பொடியின் ஒரு துகள் தங்கினாலும் கண்ணாடி கீறிவிடும்.

ஆடி மாதக் காற்று அடித்த ஒரு மதியம் மேரி சுற்றிக்கொண்டிருந்தபோது கைக்கடியில் 'கிர்' என்று ஒரு சத்தம். நின்றுவிட்டாள். வட்டைத் தூக்கினார்கள். குறுக்கே தலைமுடி போல ஒரு கோடு. துகள் காற்றில் வந்ததா, அவள் முந்தானையிலிருந்து விழுந்ததா, யாருக்கும் தெரியாது. தாண்டவ அடிகள் கண்ணாடியை வெளிச்சத்தில் சாய்த்துப் பார்த்தார். ஒன்றும் சொல்லவில்லை. அவர் சொல்லாததே மேரிக்குப் பெரிய அடியாக இருந்தது. பட்டறையில் கீறல் விழுந்த பொருளை சூப்பர்வைசர் எல்லோர் முன்னாலும் மேஜையில் எறிவார். அந்தச் சத்தத்தை எதிர்பார்த்தபடியே அவள் சமையற்கட்டுக்குப் போனாள்.

"நாளைக்கு நான் வரல அக்கா" என்றாள் அஞ்சம்மாளிடம்.

அடுத்த நாள் போகவில்லை. அதற்கடுத்த நாளும் போகவில்லை. மூன்றாம் நாள் காலை அஞ்சம்மாள் வாசலில் வந்து நின்றாள்.

"பெரிய சாமி கேக்கறாரு. மேரிம்மா முறை காலியா கீதே, எப்ப வருவாங்கன்னு."

மேரி பயந்துகொண்டே போனாள். கொட்டகைக்குள் டிரம்மைச் சுற்றிக்கொண்டிருந்தவர் பெரிய சாமி. எழுபதைத் தாண்டியவர், ஒல்லியான உடம்பு. வேட்டியை மடித்துக் கட்டி, மூச்சு வாங்க, ஒவ்வொரு அடியாக நகர்ந்துகொண்டிருந்தார். மேல் வட்டுக்கடியில் கருநிறப் பொடி. கீறலைத் தேய்த்து எடுக்க இரண்டு பொடி பின்னால் போயிருந்தார்கள்.

"வாங்க மேரிம்மா. உங்க முறையைத்தான் நான் சுத்திட்டிருக்கேன். பாதி முடிஞ்சது, மீதி உங்களோடது."

"சாமி, என் கையிலதான் கீறல் வுழுந்திச்சி."

"ஆமா. கண்ணுல பட்டது நல்லதாப் போச்சு."

"எத்தினி நாள் வேலை வேஸ்ட்டாப் போச்சு சாமி."

பெரிய சாமி நின்று அவளைப் பார்த்தார். அவருக்கு அந்தச் சொல் உண்மையாகவே புரியவில்லை போலிருந்தது. "வேஸ்ட்டா? அத்தனை நாள் ஸ்தோத்திரம் சொன்னீங்களே, அது எங்க போயிடுச்சு?" என்று கேட்டுவிட்டு, நெற்றியைத் துடைத்துக்கொண்டு வெளியே போனார்.

மேரி வட்டின் மேல் கையை வைத்தாள். அழுகை வந்தது, ஆனால் அது கீறலுக்கான அழுகை இல்லை. பின்னால் போய்த் திரும்பவும் தொடங்குவது என்பது இவர்களுக்குத் தண்டனையே இல்லை. இப்படியும் மனிதர்கள் இருக்கிறார்களா என்று அவளுக்கு இருந்தது. அன்றைக்கு அவள் கை தானாகவே இலேசாக இருந்தது.

கடைசியில் மெருகு வேலை. தார் போன்ற கீல் பூசிய தட்டில் இளஞ்சிவப்புப் பொடியைக் கரைத்து, மணிக்கணக்காக. மங்கலாக இருந்த கண்ணாடி ஒருநாள் தண்ணீர் மாதிரி தெளிந்தது. சரியாக வந்திருக்கிறதா என்று பார்க்க, தாண்டவ அடிகள் கொட்டகை ஜன்னல்களைக் கறுப்புத் துணியால் மூடினார். நட்டநடு மதியத்தில் உள்ளே கும்மிருட்டு. ஒரு மூலையில் கண்ணாடியை நிறுத்தி வைத்தார். எதிர்மூலையில் ஊசித்துளை அளவு விளக்கு, பக்கத்தில் ஒரு சவர பிளேடு. கண்ணாடியில் பட்டுத் திரும்பும் வெளிச்சத்தை பிளேடு விளிம்பு மெல்ல வெட்டும்படி நகர்த்தினார்.

"இங்க கண்ணை வைங்க மேரிம்மா."

மேரி பார்த்தாள். கண்ணாடியைக் காணவில்லை. அதன் இடத்தில் சாம்பல் நிறத்தில் ஒரு தட்டு, ஒரு பக்கம் வெளிச்சமும் மறுபக்கம் நிழலுமாக, நிலா போலத் தொங்கியது. மேடு பள்ளம் ஒன்றும் இல்லை. வழவழவென்று இருந்தது.

"இப்ப போய்க் கண்ணாடியில ஒரு விரலை வைங்க. பத்து எண்ணிட்டு எடுத்துட்டு வாங்க."

"கறை பட்டுடும் சாமி."

"தொடச்சுக்கலாம். வைங்க."

அவள் போய் ஆள்காட்டி விரலை வைத்தாள். பயந்து பயந்து எண்ணினாள். திரும்பி வந்து கண் வைத்தபோது, அந்த வழவழப்பான தட்டின் மேல் ஒரு குன்று எழும்பி நின்றது. நிழலோடு, சரிவோடு, உச்சியோடு.

"இது இன்னா சாமி?"

"உங்க விரல் சூடு. அந்தச் சூட்டுக்கு அந்த இடத்துல கண்ணாடி கொஞ்சம் வீங்கியிருக்கு. எந்த அளவுகோலாலயும் தொட்டு அளக்க முடியாத உயரம். பாத்துட்டே இருங்க, இறங்கிடும்."

அவள் பார்த்துக்கொண்டே இருந்தாள். குன்று மெல்ல மெல்லத் தணிந்தது. மேடாகி, தடமாகி, ஒன்றுமில்லாமல் போனது. கண்ணாடி முன்போலவே கிடந்தது.  இரும்பும் பித்தளையும் தேய்த்த காலமெல்லாம் பொருள் என்றால் கெட்டியானது, அடித்தால்தான் அசையும் என்று நினைத்திருந்தாள். ஒரு விரல் தொட்டதற்குக் கண்ணாடி மூச்சு விட்டதுபோல எழும்பி அடங்குகிறது. அப்படியென்றால் தான் தொட்ட ஒவ்வொன்றும் இத்தனை வருடமும் தன் சூட்டுக்கு அசைந்துகொண்டேதான் இருந்திருக்கிறது.

வெளியே வந்தபோது வெயிலில் கண் கூசியது. அஞ்சம்மாள், "ஏன்டி இப்பிடி பேயறஞ்ச மாதிரி கீற?" என்று கேட்டாள். "ஒன்னுமில்ல அக்கா" என்று சொல்லிவிட்டு மேரி புளியைக் கரைக்க உட்கார்ந்தாள். புளித்தண்ணீருக்குள் தன் விரல்களையே வெகுநேரம் பார்த்துக்கொண்டிருந்தாள்.

கண்ணாடியைப் பெங்களூருக்கு அனுப்பி, முகம் பார்க்கும் கண்ணாடி போல ஆக அலுமினியப் பூச்சு போட்டு வாங்கினார்கள். அது வந்து சேர்ந்ததும் மழைக்காலம் பிடித்துக்கொண்டது. ஐப்பசி, கார்த்திகை இரண்டு மாதமும் பூண்டி ஏரி ததும்பியது, வானம் திறக்கவே இல்லை. தாண்டவ அடிகள் அந்த நாட்களில் பெரிய தண்ணீர்க் குழாய் ஒன்றை வெட்டித் தொலைநோக்கிக்கு உடம்பாக்கி, பலகையில் ஒரு தாங்கி செய்தார். மேரி குழாயின் உள்பக்கத்துக்குக் கறுப்பு அடித்தாள்.

கிறிஸ்துமஸ் வந்தது. முட்டை இல்லாமல் ஒரு கேக் செய்து மடத்துக்குக் கொடுத்தனுப்பினாள். இரண்டு நாள் கழித்து வானம் கழுவிவிட்ட மாதிரி இருந்தது. "சாயங்காலம் உங்க வீட்டுக்காரரையும் கூட்டிட்டு வாங்க" என்று பெரிய சாமி சொல்லியனுப்பினார். எட்வர்ட் லாரியைச் சூளையில் விட்டுவிட்டு, சாம்பல் படிந்த சட்டையைக்கூட மாற்றாமல் பைக்கில் அவளை ஏற்றிக்கொண்டு வந்தான். மடத்து வாசலில் தயங்கி நின்றான். "உள்ள வாங்க ஜெபா அப்பா, ஒன்னும் சொல்ல மாட்டாங்க" என்று மேரிதான் கையைப் பிடித்து இழுத்தாள்.

சூரியன் இறங்கிவிட்டது, ஆனால் இருட்டவில்லை. அரை நிலா உச்சியில் நின்றது. பெரிய சாமி முதலில் பார்த்தார். வழக்கமாக இந்த நேரத்தில் பாட்டு தொடங்கவேண்டும். கண்ணை எடுத்தவர் தரையில் அப்படியே உட்கார்ந்து கைகளைக் கூப்பிக்கொண்டார். பாட்டு வரவில்லை. மற்றவர்கள் ஒவ்வொருவராகப் பார்த்தார்கள். பறவை வரைபவர் பார்த்துவிட்டு இரண்டு முறை திரும்ப வந்தார்.

மேரியின் முறை வந்தது. கண்ணை வைத்தாள்.

முதலில் வெறும் வெளிச்சம். கண் பழகியதும் அது நிலம் ஆனது. குழிகள், குழிக்குள் குழிகள், மலைகள். வெளிச்சமும் இருட்டும் சேருகிற ஓரத்தில் மலை நுனிகள் மட்டும் தனித்தனியாகத் தீப்பொறி போல ஒளிர்ந்தன. அவற்றின் அடிவாரம் இன்னும் இருட்டில் கிடந்தது.

"அது விடியற இடம் மேரிம்மா" என்றார் தாண்டவ அடிகள் பக்கத்திலிருந்து. "அங்க இப்பத்தான் வெயில் வருது. மலை உச்சிக்கு முதல்ல வருது."

அங்கே ஒரு காலை நேரம். அவள் அதைப் பார்த்துக்கொண்டிருக்கிறாள். அந்த வெளிச்சம் அங்கிருந்து இறங்கி, தன் கை நடந்த கண்ணாடியில் வந்து விழுந்து, தன் கண்ணுக்கு வருகிறது. வாயில் தானாக ஸ்தோத்திரம் வந்தது. யார் கேட்கிறார்கள் என்று அவள் பார்க்கவில்லை.

எட்வர்ட் குனிந்து பார்த்தான். வெகுநேரம் பார்த்தான்.

"நம்ம சாம்பல் குளம் காஞ்ச மாதிரியே கீது மேரி" என்றான். 

வானம் கொஞ்சம் கருத்ததும் தாண்டவ அடிகள் குழாயை நிலாவுக்குப் பக்கத்திலிருந்த ஒரு வெள்ளைப் புள்ளிக்குத் திருப்பினார். சனி. அந்த வருடம் அதன் வளையம் நமக்குப் பக்கவாட்டில் திரும்பியிருந்ததால், ஒரு சின்ன முத்தில் ஊசி குத்திய மாதிரி இரண்டு பக்கமும் மெல்லிய கோடு நீண்டது. "வருசம் போகப்போக வளையம் விரியும். அப்பவும் வந்து பாப்போம்" என்றார். திருநள்ளாறுக்கு எள் விளக்குப் போடப் போகிற அஞ்சம்மாள் அதைப் பார்த்துவிட்டுக் கன்னத்தில் போட்டுக்கொண்டாள். "இம்மாம் அழகா கீறாரு. இவருக்கா நாம பயந்தோம்?" என்றாள். பெரிய சாமி சிரித்துவிட்டார். அப்போதுதான் பாட்டுத் தொடங்கியது.

இரவு எட்வர்ட் மேரியை பைக்கில் ஏற்றிக்கொண்டு திரும்பினான்.  திருவள்ளூர் ரயில்வே கேட்டில் வண்டியை நிறுத்தி, ஹெல்மெட்டைக் கழற்றி, அண்ணாந்து பார்த்தான். கேட் திறந்தபிறகும் பின்னால் ஹாரன் அடிக்கும்வரை அவன் நகரவில்லை.

இப்போது வியாழக்கிழமை சாயங்காலங்களில் மடத்தில் சுற்றுவட்டாரத்து ஆட்கள் வரிசையில் நிற்கிறார்கள். ஷிப்ட் முடிந்து சீருடையோடு வரும் காக்களூர்ப் பெண்கள், பொதட்டூர்பேட்டையிலிருந்து வேன் வைத்து வரும் பள்ளிப் பிள்ளைகள். குழாயைத் திருப்பி, ஒவ்வொருவருக்கும் நிலாவைக் கண்ணில் பிடித்துக் கொடுப்பது மேரி. அடுத்ததாக இரண்டு மடங்கு அகலமான கண்ணாடி டிரம்மில் ஏறியிருக்கிறது. முடிக்க எத்தனை வருடமாகும் என்று கேட்டால் அங்கே யாரும் சொல்வதில்லை.

நிலா பார்க்க நானும் போன வியாழன் போயிருந்தபோது அவளைப் பார்த்தேன். சமையற்கட்டு வாசலில் உட்கார்ந்து முருங்கைக் கீரை ஆய்ந்துகொண்டிருந்தாள். இதையெல்லாம் பார்த்தபிறகு எப்படி இருக்கிறது என்று கேட்டேன். ஒரு காம்பை உருவிப் போட்டாள்.

"அங்க நெலாவுல மலை மேல விடியுது. இங்க நாம கீரை ஆஞ்சிக்கினு கீறோம். ரெண்டும் ஒரே நேரத்துல நடக்குது பாருங்க" என்றாள். உள்ளே குக்கர் சத்தம் போட்டது. முறத்தை என் கையில் கொடுத்துவிட்டு எழுந்து போனாள்.